ரீச்சருக்கு விசர் இல்லை

கொக்குவிலில் இருந்து ஓர் ஆசிரியை நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

“எனக்கு 48 வயது. கணிதம் படிப்பிக்கிறேன். 2020 ஊரடங்கு நேரம், ஏ.எல். படித்துக்கொண்டிருந்த மகள் எனக்கு பிடிஎஸ் என்ற கொரியக் குழுவைக் காட்டினாள். முதலில் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் ஒரே கட்டிலில் இருந்து ஒரு போனில் பார்க்கத் தொடங்கிவிட்டோம். 2023 தையில் மகள் படிக்கவென்று ரொறொன்ரோ போய்விட்டாள். நான் கேட்பதை விடவில்லை. அந்தப் பெடியன்கள் இராணுவச் சேவைக்குப் போன காலம் முழுக்கக் காத்திருந்தேன். 2025 ஜூனில் ஏழு பேரும் திரும்பி வந்தபோது அழுகை வந்துவிட்டது. உடனே மகளுக்கு வொயிஸ் மெசேஜ் போட்டேன். ‘அம்மா, நீங்க இன்னும் அதையா பாக்கிறீங்கள்? நான் எப்பவோ விட்டிட்டன்’ என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவளோடு முன்னைப்போலக் கதைக்க முடியவில்லை.

கணவர் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர், பெருஞ்சமர் கிரிக்கெட் வந்தால் மூன்று நாளும் லீவு போட்டுவிட்டுப் போய் பாண்டுக்கு ஆடுகிறவர். பிடிஎஸ் ரசிகர்களை ‘ஆமி’ என்பார்கள், அதை வைத்து அவர் என்னைப் பார்த்து ‘இந்த ஊரில ஆமி எண்டு சொல்லிப் பெருமைப்படுற ஒரே ஆள் நீதான்’ என்று நக்கல் அடிக்கிறார். தங்கச்சி ‘மகளின்ர இடத்தில அவங்களை வைச்சிருக்கிறாய், ஆரிட்டையும் காட்டு’ என்கிறாள். கொரிய மொழியில் எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் சில பாட்டுக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, சில இரவுகளில் இயர்போனைப் போட்டுக்கொண்டு அழுகிறேன். எனக்கு விசரா? இதை விட்டுவிட வேண்டுமா? மகள் சொன்னது ஏன் இவ்வளவு நோகிறது? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிய வந்தால் என் மரியாதை என்னாவது?”

ரீச்சர்,

விசர் இல்லை. அதை முதலிலேயே முடித்துவிடுவோம், ஏனென்றால் நீங்கள் எழுதிய நான்கு பக்கத்திலும் அந்தச் சொல் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் கடைசிக் கேள்வியைத் தவிர வருகிற இடமெல்லாம் யாரோ உங்களைப் பார்த்துச் சொன்னதாகத்தான் வருகிறது. நீங்கள் பள்ளிக்கூடம் போகிறீர்கள், பேப்பர் திருத்துகிறீர்கள், சமைக்கிறீர்கள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறீர்கள், இவ்வளவுக்கும் நடுவில் ஒரு குழுவின் பாட்டைக் கேட்டு அழவும் செய்கிறீர்கள். இதில் வருத்தம் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்த்தேன். இருக்கக்கூடிய ஓர் இடம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

புல்லரிப்பு உங்களைப் பயப்படுத்தியிருக்கிறது போல. 2011 இல் கனடாவில், மொன்றியலில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பாட்டுக் கேட்டால் புல்லரிக்கிற ஆட்களாகத் தேடிப் பிடித்து, அவரவருக்குப் பிடித்த இசையையே போட்டுக் கேட்க வைத்து, அந்த நேரம் மூளையை ஸ்கான் எடுத்தார்கள். பசிக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும்போது மூளையில் சுரக்கிற அதே டோபமின் என்ற இரசாயனம் அங்கேயும் சுரந்தது. அதோடு, புல்லரிக்கிற நொடிக்குச் சற்று முன்னாலேயே, ‘இப்ப அந்த இடம் வரப்போகுது’ என்று மூளை எதிர்பார்க்கும்போதே, வேறொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் நூறு தடவை கேட்ட பாட்டு அலுப்பதில்லை. எந்த இடத்தில் குரல் ஏறும், எந்த இடத்தில் வாத்தியம் எல்லாம் நின்று ஒரு மூச்சு விடும் என்று தெரிந்திருப்பதே பாதி இன்பம். எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. காது நன்றாகக் கேட்டும், மற்றச் சந்தோசங்கள் எல்லாம் இருந்தும், இசையில் மட்டும் ஒன்றும் உணராத ஆட்களும் இருக்கிறார்கள். உங்கள் கணவர் அந்த வகை இல்லை, பாண்டுக்கு ஆடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மொழி விளங்காமல் எப்படி அழுகை வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து ஆள் இதைக் கேட்கலாமா? திருவிழாவில், சாமி வெளிவீதியில் நிற்கும்போது, நடுச்சாமத்துக்குத் தவில் சமா வைப்பார்களே, அங்கே எந்த மொழி? அளவெட்டி தட்சிணாமூர்த்தி 1975 இல் காலமானவர், அவருடைய தவிலை நேரில் கேட்ட முதியவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிக் கதைக்கும்போது குரல் மாறும். நாதஸ்வரக்காரர் ஒரு இராகத்தை எடுத்து இழுக்கும்போது கண் கலங்காத கிழவி எங்கள் ஊரில் உண்டா? அவவுக்கு அது எந்த இராகம் என்றுகூடத் தெரியாது. 2009 இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கமரூனின் மலைப்பகுதியில் வாழும், மேற்கத்திய இசையே கேட்டறியாத மஃபா மக்களுக்கு அந்த இசையைப் போட்டுக் காட்டினார்கள். எது சந்தோசம், எது சோகம், எது பயம் என்று அவர்கள் கண்டுபிடித்தது குருட்டாம்போக்கில் சொல்லக்கூடிய அளவைவிட அதிகம். குரலின் ஏற்ற இறக்கம், வேகம், தாளம் இவையெல்லாம் சொல்லுக்கு முந்தியவை. பிறகு, சொல் விளங்காததால் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது: அந்தப் பாட்டுக்குள் உங்கள் சொல்லை வைத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பாட்டில் கவிஞர் ஏற்கனவே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பார்.

சரி, இனித் தங்கச்சி சொன்னதற்கு வருவோம். ‘மகளின் இடத்தில் அவர்களை வைத்திருக்கிறாய்.’ இதில் பாதி உண்மை, அந்தப் பாதியை நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழுவாகச் செய்யும் வேலைகளைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தப்போகிறோம் என்று அவர்கள் சொன்னது 2022 ஜூன். ஒக்டோபரில் பூசான் நகரத்தில் ஏழு பேருமாகப் பாடினார்கள். டிசம்பர் 13 ஆம் திகதி, மூத்தவர் ஜின் முதல் ஆளாக முகாமுக்குப் போனார். அடுத்த மாதமே உங்கள் மகள் விமானம் ஏறினாள். ஒரே பருவத்தில் வீட்டிலும் போனிலும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். தென் கொரியாவில் அது சட்டம், உடல்நலமுள்ள ஆண்கள் எல்லோரும் போகத்தான் வேண்டும், தரைப்படை என்றால் 18 மாதம், போகிற அன்றே திரும்புகிற நாளும் தெரியும். 2025 அளவில் மீண்டும் ஒன்றாக வருவோம் என்று அவர்களுடைய நிறுவனம் 2022 இலேயே சொல்லிவிட்டது. சொன்னபடி ஒவ்வொருவராக வந்து, 2025 ஜூன் 21 ஆம் திகதி கடைசி ஆளும் சேவையை முடித்தார். கனடா போகிற பிள்ளைக்கு எந்த அம்மாவுக்காவது அப்படி ஒரு திகதி கொடுக்கப்படுகிறதா? படிப்பு முடிய வேலை, வேலை முடிய பி.ஆர்., அதற்குப் பிறகு ஸ்பொன்சர் பண்ணி அம்மா அப்பாவை அங்கே கூப்பிடுவதைப் பற்றித்தான் பேச்சு. யாழ்ப்பாணத்தில் வெளிநாடு போன பிள்ளை திரும்பி வந்து வீட்டு அறையில் இருந்ததை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்?

நீங்கள் இரண்டரை வருடமாக ஒரு காத்திருப்புக்குள் இன்னொரு காத்திருப்பையும் சேர்த்து வைத்துக் காத்திருந்தீர்கள். ஒன்று முடிந்தது. முடிந்த அன்றைக்கு, இந்தச் சந்தோசத்தை வேறு யாரோடும் பங்குபோட முடியாது என்று நினைத்த ஒரே ஆளிடம் ஓடினீர்கள், அந்த ஆள் ‘எப்பவோ விட்டிட்டன்’ என்றுவிட்டாள். நோகாமல் என்ன செய்யும்? அவள் விட்டது கொரியப் பாட்டை. உங்கள் காதில் விழுந்தது அந்தக் கட்டிலும், அந்தப் போனும், அந்த ஊரடங்குக் காலமும். அதையும் எப்பவோ விட்டுவிட்டாள் என்று கேட்டிருக்கிறது.

அவள் அப்படிச் சொல்லவில்லை, ரீச்சர். இருபது வயசுப் பிள்ளைகள் இசையை மாற்றிக்கொள்கிற வேகம் வேறு, அதில் துரோகம் ஒன்றும் இல்லை. இன்னொன்றும் இருக்கலாம், இதை நான் வெளிநாடு போன பல பிள்ளைகளின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்: வீட்டில் கேட்ட பாட்டை அங்கே கேட்க முடிவதில்லை. பனிக்காலத்தில், வேலை முடிந்து இரவு பஸ்ஸில் போகும்போது அந்தப் பாட்டு வந்தால் வீடு வந்து நெஞ்சில் நிற்கும், அடுத்த நாள் காலை எழும்பி வகுப்புக்குப் போக வேண்டும், ஆகவே அந்தப் பட்டியலையே போனிலிருந்து அழித்துவிடுவார்கள். உங்கள் மகளும் அப்படித்தான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டதற்கும் அவள் விட்டதற்கும் காரணம் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

தங்கச்சி சொன்னதில் மற்றப் பாதி பிழை. மகளுக்குப் பதிலாகத்தான் இந்த இசை என்று வைத்துக்கொண்டால், மகள் விட்டதும் உங்களுக்கும் விட்டுப்போயிருக்க வேண்டும். போகவில்லையே. அவள் போய் இரண்டரை வருடம் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள், அவளுக்குத் தெரியாத பாட்டுகளைக்கூடத் தேடிக் கேட்டிருக்கிறீர்கள், ஏழு பேரில் உங்களுக்குப் பிடித்தவரும் அவளுக்குப் பிடித்தவரும் வேறு வேறு ஆட்கள். வழி காட்டியது மகள், நடந்து போனது நீங்கள். இது இப்போது உங்களுடையது.

உங்கள் வயதைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. இசை ஆளை இறுக்கிப் பிடிக்கிற வயது பதின்மமும் இருபதுகளின் தொடக்கமும் என்பார்கள். நடுவயதில் ஆட்களிடம் வாழ்க்கையை நினைவுபடுத்தச் சொன்னால் பத்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வருடங்கள்தான் கூடுதலாக வருகின்றன, அந்தக் காலத்துப் பாட்டுகளும் அப்படியே. உங்களுக்கு 13 வயதாகும்போது 1990. கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு ஒட்டவைத்து, வயரை ரேடியோவில் கொழுவி, அண்ணா கையால் பெடலைச் சுற்ற நீங்கள் பாட்டுக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கை களைத்தால் பாட்டும் இழுபடும், ‘சுத்தடா, சுத்தடா’ என்று எல்லோரும் கத்துவார்கள், விருப்பமான பாட்டு வரும்போது பார்த்து அண்ணா சுற்றுவதை நிறுத்திப் பகிடி விடுவார். பதினெட்டில் 1995 இடப்பெயர்வு. அதற்குப் பிறகு படிப்பு, நியமனம், கல்யாணம், பிள்ளை.

அதாவது, உங்களுக்கென்று ஒரு பாட்டை நீங்களே தெரிந்தெடுத்து, வேண்டிய நேரம் போட்டு, வேண்டிய தடவை கேட்ட அனுபவமே உங்கள் இளமையில் இருந்திருக்கவில்லை. கேட்டதெல்லாம் ஊரோடு சேர்ந்து கேட்டது: கோயில் லவுட்ஸ்பீக்கர், கல்யாண வீடு, மினிபஸ், பக்கத்து வீட்டு ரேடியோ. பெண்பிள்ளைக்கு இது இன்னும் கூட. நாற்பத்துமூன்று வயதில், ஊரடங்குக்குள், ஒரு இயர்போன் மூலம் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு இசை உங்கள் காதுக்குள் வந்திருக்கிறது. பதினைந்து வயதில் செய்ய வேண்டியதை இப்போது செய்கிறீர்கள், செய்தால் என்ன?

‘அவர்களுக்கு நான் இருப்பதே தெரியாது, ஆனால் எனக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி’ என்று எழுதியதைப் பிறகு வெட்டியிருக்கிறீர்கள், வெட்டின கோட்டுக்குக் கீழே வாசிக்கக்கூடியதாக இருந்தது. வெட்டத் தேவையில்லை. 1956 இலேயே ஹோர்ட்டன், வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ரிவியிலும் ரேடியோவிலும் வருகிறவர்களோடு பார்வையாளருக்கு உண்டாகிற இந்த ஒருபக்க உறவு சாதாரண மனிதர்களுக்குச் சாதாரணமாக வருவது. இலங்கை வானொலிக் காலத்தில் கே.எஸ். ராஜாவின் குரலும் அப்துல் ஹமீதின் குரலும் வீட்டு ஆட்களின் குரலாகத்தானே இருந்தன? அறிவிப்பாளர் ஒரு கிழமை வரவில்லை என்றால் அவருக்கு என்னவோ என்று அம்மாமார் கவலைப்படுவார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த உறவின் மறுபக்கத்தில் ஏழு பெடியன்கள் மட்டும் இல்லை, ஒரு நிறுவனமும் இருக்கிறது. 2020 ஒக்டோபரில் சோல் பங்குச் சந்தையில் பதிந்த நிறுவனம். அல்பத்துக்குள் எந்தப் போட்டோ காட் இருக்கும் என்று திறக்கும்வரை தெரியாமல் வைப்பதற்குக் காரணம் என்ன என்று கணக்கு ரீச்சருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஏழு பேர், பெட்டிக்குள் ஓரிரண்டு காட், உங்களுக்கு வேண்டியவர் வர எத்தனை பெட்டி வாங்க வேண்டும்? நிகழ்தகவுப் பாடம்தான். அவர்கள் ரசிகர்கள்மேல் வைத்திருக்கிற அன்பு உண்மையாக இருக்கலாம், அது வியாபாரம் என்பதும் உண்மை, இரண்டையும் ஒரே நேரத்தில் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்கலாம். ஒரு அல்பம் வாங்குங்கள், ஆசைக்கு. சீட்டுக் காசிலிருந்து எடுத்து மூன்றாவதை வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், அதைக் கணவருக்குத் தெரியாமல் மறைத்தும் வைத்திருக்கிறீர்கள். அங்கே கொஞ்சம் நிற்பாட்டுங்கள். பாட்டுக் கேட்பதற்கு அல்பம் தேவையில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

கணவரின் நக்கலுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தின் சென்றல், சென் ஜோன்ஸ் கல்லூரிகளின் பெருஞ்சமர் 1904 இல் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேலாக, போர் நடந்த காலத்திலும் முடிந்த வருடங்களில் எல்லாம் விளையாடி வந்திருக்கிறார்கள். மாசி பங்குனி வந்தால் ஐம்பது அறுபது வயதுக்காரர் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் ஆடுவார்கள், அந்த மூன்று நாளுக்கென்றே லண்டனில் இருந்து ரிக்கற் எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், மைதானத்தில் விளையாடுகிற பெடியன்களில் ஒருவனுக்கும் இவர்களைத் தெரியாது. இதை யாராவது விசர் என்கிறார்களா? விசுவாசம் என்கிறோம். ஆம்பிளைகள் கூட்டமாகச் செய்தால் பாரம்பரியம், ஒரு பொம்பிளை தனியாகக் குசினிக்குள் செய்தால் வருத்தம். இதை அவரிடம் இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள் என்று எழுதத்தான் கை வந்தது, ஆனால் சொன்னால் சண்டைதான் வரும். அதனால் வேறொன்று கேட்கிறேன்: மகள் போன பிறகு அவர் எப்படி இருக்கிறார்? உங்கள் கடிதத்தில் அவர் நக்கல் அடிக்கிறார், லீவு போடுகிறார், பாண்டுக்கு ஆடுகிறார், மகளைப் பற்றி ஒரு வசனமும் சொல்லவில்லை. அவருக்கும் அதே பிள்ளைதானே போனது. உங்களுக்கு அழ ஒரு பாட்டு இருக்கிறது, அவருக்கு வருடத்தில் மூன்று நாள். ஒரு நாள் பின்னேரம், நக்கல் இல்லாத நேரமாகப் பார்த்து, ‘பிள்ளையின்ர அறைக்குள்ள நீங்கள் போறனீங்களோ?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பிடிஎஸ்ஸை அவருக்குப் பிடிக்க வைக்க முயற்சி செய்ய வேண்டாம், அது நடக்காது, நடக்கவும் தேவையில்லை.

மகளுக்கு என்ன சொல்வது? நீண்ட வொயிஸ் மெசேஜ் போட வேண்டாம், அதில் கட்டாயம் குரல் உடையும், அங்கே அவள் பயந்துபோவாள். நேரே எடுங்கள். சோலில் இரவு ஒன்பது மணி என்றால் எங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை, கோடை காலத்தில் ரொறொன்ரோவில் காலை எட்டு. அந்தப் பெடியன்கள் லைவ் வருகிற நேரமென்று நீங்கள் விளக்கு வைப்பதை முந்திப் பிந்திச் செய்கிறீர்களே, அதே நேரம் மகள் பஸ்ஸுக்கு நிற்பாள். பத்து நிமிசம் கிடைக்கும். முதலில் உண்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாக: “நீ விட்டிட்டாய் எண்டு சொன்னது எனக்கு நொந்து போச்சு பிள்ளை, உன்னில பிழை இல்லை, எனக்கு அந்தக் கட்டிலில இருந்து பாத்தது ஞாபகம் வந்திட்டுது.” அவ்வளவுதான். பிறகு, “நீ இப்ப என்ன பாட்டுக் கேக்கிறாய்? ஒண்டு அனுப்பு” என்று கேளுங்கள். அவள் அனுப்புவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், சத்தமாக, சண்டை பிடிப்பது போல இருக்கலாம். பரவாயில்லை, முழுதாகக் கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். 2020 இல் அவள் உங்களுக்குக் காட்டியபோதும் முதலில் சிரித்தீர்கள் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: அவள் மறுபடி பிடிஎஸ் கேட்கிறாளா என்று பரீட்சை வைக்க வேண்டாம். உங்களுக்காகக் கேட்பதாகப் பொய் சொல்வாள், அது இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

வருத்தம் இருக்கக்கூடிய இடம் ஒன்று என்று தொடக்கத்தில் சொன்னேன். பாட்டுக் கேட்டு அழுவது, அழுத பிறகு மனம் இலேசாவது, தூங்கிப்போவது, இதெல்லாம் சுகம். எனக்குப் பயம் வருவது எதிர்ப்பக்கத்தில்தான்: ஒரு நாள் அந்தப் பாட்டைப் போட்டும் ஒன்றும் வராமல் போனால், புல்லரிப்பும் இல்லை அழுகையும் இல்லை, சும்மா ஒரு சத்தமாகக் கேட்டால், அதோடு சாப்பாட்டிலும் ருசி இல்லை, விடியப்புறம் மூன்று மணிக்கே முழிப்பு, பள்ளிக்கூடம் போக மனமில்லை என்று இரண்டு கிழமைக்கு மேல் நீண்டால், அப்போது தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் ஊர் கதைக்கும் என்று பயமாக இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. அப்புறம், 48 வயதில் மாதவிடாய் நிற்கிற காலம் நெருங்கும்போது தூக்கம் குழம்பும், காரணமில்லாமல் அழுகை வரும், உடம்பு திடீரென்று சூடாகும். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, எழுத வெட்கப்பட்டிருக்கலாம். உங்கள் குடும்ப வைத்தியரிடம் ஒரு சொல் சொல்லி வையுங்கள், சில இரவுகளின் கணக்கு அங்கே சேரக்கூடும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். பதினோராம் ஆண்டு வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் பைகளில் பிடிஎஸ் ரசிகர்களின் ஊதா நிறத்தில் சாவிக்கொத்தைப் பார்த்ததும் என்னவென்று உங்களுக்கு உடனே விளங்கியதாகவும், அதுகளுக்குத் தெரியாமல் நீங்களும் உள்ளுக்குள் சிரித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். போய்ச் சொல்லத் தேவையில்லை. மறைக்கவும் தேவையில்லை. வெள்ளிக்கிழமைகளில் சோலில் மத்தியானம் ஒரு மணிக்குப் புதுப் பாட்டு வந்தால் எங்களுக்கு அது காலை ஒன்பதரை, அது உங்கள் பாட நேரம், அந்தப் பிள்ளைகளும் கணிதப் புத்தகத்துக்குள் தலையை வைத்துக்கொண்டு அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கும். அதுகள் என்றைக்காவது கேட்டால் ஓம் என்று சொல்லுங்கள். கணக்குப் பிழைத்தால் பிழை என்று சொல்கிற ரீச்சரின் மரியாதை ஒரு பாட்டால் குறையாது.

விட வேண்டுமா என்ற கேள்விக்கு இதுவரை நேரே பதில் சொல்லவில்லை போல. வேண்டாம். அவர்கள் நன்றாகப் பாடும்வரை கேளுங்கள், ஒரு நாள் அலுத்தால் விடுங்கள், அலுத்ததற்காகக் குற்ற உணர்ச்சிப்படவும் வேண்டாம். தங்கச்சிக்கு இந்தப் பதிலை வாசித்துக் காட்டுவதென்றால் ‘பாதி உண்மை’ என்ற இடத்தையும் சேர்த்து வாசியுங்கள், அவ உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருக்கிறா.

கடைசியாக இயர்போன். அதைப் போட்டபடியே தூங்கிப்போவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் கிழமைக்கு நாற்பது மணித்தியாலம் வரைதான் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். போனில் சத்தத்தைப் பாதிக்குச் சற்று மேலே வைத்தால் போதும். இரவில் கேட்பதென்றால் அரை மணித்தியாலத்தில் தானாக நிற்கிற மாதிரி டைமர் வைக்கலாம், எப்படி வைப்பது என்று மகளிடம் கேளுங்கள்.